மாமியாருக்கும் கேட்கும்படி

அயர்லாந்தில் பல்வலி என்று போனால், வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே நெஞ்சைப் பற்றிக் கேட்கிறார்கள். முதல் தடவை நர்ஸ் கேட்டபோது அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, இதய வால்வு மாற்றியிருப்பதைக் கிசுகிசுத்தேன். தாடை வலியில் எனக்குப் பேச வரவில்லை என்று நினைத்து, பாவம், பேனாவும் காகிதமும் கொண்டுவந்து கொடுத்தாள். மாமியார் காதில் விழுந்துவிடுமோ என்ற பயம் அது என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? மாமியார் அப்போது பழனிப் பக்கம் ஆயக்குடியில் இருந்தார்.

சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் என் வால்வைக் கெடுத்தது. மதுரையில் ஆபரேஷன் செய்து வேறு வால்வு வைத்தார்கள். பெண் பார்க்க வந்தபோது அம்மா அதை அமுக்கிவிட்டாள். கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் மட்டும் நான் போனில் சொன்னேன். அன்றிலிருந்து நெஞ்சுத் தழும்பை மறைக்க, கழுத்தை மூடிய ஜாக்கெட்டே வழக்கமாகிப் போனது.

போன முறை திண்டுக்கல்லில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தபோது கடைவாய்ப்பல் ஈறு வீங்கிவிட்டது. என்னைப் பார்க்கக் கொய்யாப்பழத்தோடு வந்திருந்த மாமியாரும் அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குத் துணையாக வந்தார். ஈறைக் கீறித்தான் பல்லை எடுக்க வேண்டும் என்ற டாக்டர், "சுகர், பிரஷர், ஹார்ட் பிரச்சினை ஏதாச்சும் இருக்காம்மா?" என்று கேட்டார்.

எனக்கு முந்தி அம்மா சொன்னாள்: "அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர். நல்லாத்தான் இருக்கா."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பல் பிடுங்கும்போது வாய்க் கிருமி ரத்தத்தில் கலக்கும். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானாகப் போய்விடும். மாற்று வால்வில் ஒட்டினால் உயிருக்கே உலை வைத்துவிடும். அதைத் தடுக்க, பல்லில் கை வைப்பதற்கு முன்பே ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டும். உண்மை தெரியாமல் டாக்டர் எதைக் கொடுப்பார்? அயர்லாந்தில் இதைச் சொல்ல வீரம் ஒன்றும் வேண்டியதில்லை, அங்கே நான் யாரோ ஒருத்தி. இங்கே நான் மகள், மருமகள். அதற்காகச் சாக முடியுமா?

"இருக்கு டாக்டர். வால்வு மாத்தியிருக்கு," என்றேன், மாமியாருக்கும் கேட்கும்படி.

டாக்டர் மாத்திரை கொடுத்து, ஒரு மணி நேரம் வெளியே உட்காரச் சொன்னார். பெஞ்சில் ஒரு முனையில் அம்மா, மறுமுனையில் மாமியார், நடுவில் நான்.

"எம் பையனுக்குத் தெரியுமா?" என்றார் மாமியார்.

"கல்யாணத்துக்கு முந்தியே தெரியும் அத்தை."

"அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியாது."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். "செத்த நேரம் பொறுத்திருந்தா டாக்டர்ட்ட தனியாச் சொல்லியிருக்கலாம்ல?"

"இன்னும் எம்புட்டு நாளைக்கும்மா தனியாச் சொல்றது?"

நர்ஸ் கதவைத் திறந்து, "கூட ஒருத்தர் வரலாம்," என்றாள். அம்மா மாமியாரைப் பார்த்தாள். மாமியார் ரோட்டைப் பார்த்தார்.

"யாரும் வர வேணாம்," என்று எழுந்தேன். அவர்கள் இருவரின் செருப்புகளுக்கும் நடுவில் என் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.