கோவளத்து மணலின் பிடி

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்றது நான்கு, நாத்தனார் பிள்ளை ஒன்று, ஆக ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஒருவரும் சோடை போகவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் இதை என் கையாலேயே எழுதுகிறேன்.

மூத்தவன் கோவளத்தில் கடலோர மணலில் சாப்பாட்டுக் கடை போட்டான். சுவர் கிடையாது, இரும்புத் தூண்கள், மேலே தகரக் கூரை. தூணுக்குத் தூண் அடியில், மண்ணுக்குள் கம்பம் போல கான்கிரீட் பைல் இறக்கினார்கள். எவ்வளவு ஆழம் என்று மேஸ்திரி கேட்டதற்கு, செங்கல்பட்டில் எங்கள் நெல் கொட்டகைக்குப் போட்ட அளவையே சொன்னான். அந்தக் கொட்டகை எந்தப் புயலுக்கும் அசைந்ததில்லை. அங்கே ஏரிக்கரைக் களிமண். கால் வைத்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும்.

ஒரு பைலை இழுத்துப் பார்த்த பிறகுதான் கூரை என்று, வேலையைப் பார்க்க வந்த இஞ்சினீயர் பெண் சொல்லிவிட்டாள். குறுக்கே உத்தரம் வைத்து, ஜாக்கி போட்டுத் தூக்கினார்கள். அவள் சொன்ன பாரம் வருமுன்பே பைல் மேலே கிளம்பிவிட்டது.

"கெழவி பல்லு கணக்கா கழண்டுகினு வருது அண்ணாத்த" என்ற மேஸ்திரி, என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். என் பல் அத்தனையும் இருக்கிறது. காட்டினேன்.

"கூரை வெறும் தகரம்மா. அதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பலம்?" என்றான் மகன், இஞ்சினீயரிடம்.

"தகரம்கிறதாலதான் சார். காத்து அடியில பூந்தா குடை மாதிரி தூக்கும். பைல்தான் கீழே புடிச்சு வைக்கணும்" என்றாள் அந்தப் பெண்.

"எங்க ஊர்ல இதே அளவுதான்."

"உங்க ஊர் களிமண் ஒட்டிக்கும். மணல் ஒட்டாது, சுத்தி அழுத்தித்தான் புடிக்கும். ஆழம் போகப் போகத்தான் அந்த அழுத்தம். மழையில மண்ணுக்குள்ள தண்ணி மேல ஏறினா அதுவும் குறைஞ்சுடும்."

ஆவணியில் கடை திறப்பு என்று ஊர் முழுக்கப் பத்திரிகை கொடுத்திருந்தான். இப்போதைக்குக் கூரையைப் போட்டுவிடலாம் என்று என்னைப் பார்த்தான்.

"பறந்துச்சுன்னா, பத்திரிகை குடுத்த வூட்டுக்கெல்லாம் போயி தகரம் பொறுக்கினு வருவியா?" என்றேன்.

மறுநாள் திறப்பைத் தள்ளிவைத்தான். பழைய பைல்களை விட்டுவிட்டு, பக்கத்திலேயே வெகு ஆழமாகப் புதியவை இறக்கினார்கள். மழைக்காலத்தில், பைலைச் சுற்றித் தண்ணீர் நிற்கும்போதே இழுத்துப் பார்த்தார்கள். அசையவில்லை. அதன் பிறகே கூரை ஏறியது. அடுத்து வந்த புயலில் தகரம் படபடத்தது, போகவில்லை.

இப்போது சாப்பிட வருகிறவர்களிடம், ஆழமாகப் போடச் சொன்னதே தான்தான் என்கிறான்.

பேத்தி, இதைக் கொஞ்சம் படித்துக் காட்டம்மா. சத்தமாகவே படி. உங்கப்பன் உள்ளேதான் இருக்கிறான்.