ஏழாவது மரம்

ஊட்டி ஏரிக்கரைப் பூங்காவில் நாங்கள் ஆடிய ஆட்டத்துக்குப் பெயர் கிடையாது. பிஸ்கட் டப்பாவின் வட்ட மூடி ஒன்றுதான் கருவி. கரையோரம் ஒன்பது மரங்கள். எல்லாவற்றின் அடியிலும் சுண்ணாம்பால் வெள்ளைப் பட்டை அடித்திருக்கும். மூடியைச் சுழற்றி எறிந்து அந்தப் பட்டையில் அடிக்க வேண்டும். விழுந்த இடத்திலிருந்துதான் அடுத்த எறி. தண்ணீரில் விழுந்தால் கணக்கில் ஒன்று கூடும். ஒன்பது மரத்தையும் குறைந்த எறியில் முடிப்பவருக்கு வெற்றி. வெளிநாட்டில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடைகளை நட்டு, பிளாஸ்டிக் தட்டு எறிந்து, இதையே முறையாக ஆடுகிறார்கள் என்று போன வாரம் ஒரு பத்திரிகையில் படித்தேன். அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன்.

ஆட்டத்தைக் கற்றுத் தந்தவர் இலங்கையிலிருந்து வந்தவர். அங்கே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். இங்கே கோத்தகிரிப் பக்கம் புதிதாகத் தேயிலை நடும் தோட்டத்தில் குழி வெட்டினார். ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டத் தமிழர்கள் கப்பல் கப்பலாக வந்திறங்கிய காலம். அவர்களை இன்ன தோட்டத்துக்கு என்று பிரித்தனுப்பும் அலுவலகத்தில் நான் குமாஸ்தா. கோவையில் பி.ஏ. முடித்த கையோடு அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவன். அவரை மாஸ்டர் என்பேன். என்னைவிடப் பத்து வயது மூத்த அவர் என்னைத் தொரை என்பார், கேலியாக.

"எங்க தொரைமாரு கிளப்புல பந்தடிப்பாங்க. நாங்க வேலிக்கு இந்தாண்ட நின்னு தகரப் பேணி மூடியால மரத்துல அடிப்போம். வேலிக்கு உள்ளுக்க வந்து ஆடுறது இதுதான் மொத தடவ, தொரை."

"இங்கயும் வேலி இருக்குதுங்க மாஸ்டர். கேட்டுக்காரரு டீ குடிக்கப் போயிட்டாருங்க, அவ்வளவுதான்."

ஞாயிறுதோறும் முதல் பேருந்தில் வந்துவிடுவார். அவருடைய அம்மா, மனைவி, மகள் மூவரும் அடுத்த கப்பலில் வந்து மண்டபம் முகாமில் இருந்தார்கள். இங்கே அவருக்குத் தொழிலாளர் குடியிருப்பு லயத்தில் ஓர் அறை கிடைத்திருந்தது. மூவரையும் இந்த மலைக்கே அனுப்பும்படி மனு எழுதி என்னிடம் தந்திருந்தார். முகாமுக்குப் போகும் வாரப் பட்டியலில் அந்த மூன்று பெயரையும் சேர்க்க வேண்டியவன் நான்.

ஒரு ஞாயிறு என் அலுவலக நண்பர்கள் இருவர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். ஏழாவது மரம் பெரிய கற்பூர மரம். என் மூடி அதற்கு முன்னால் இருந்த வேர்த் திட்டுக்குப் பின்னால் விழுந்தது. அங்கிருந்து பட்டை தெரியவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, மூடியைக் காலால் ஒரு முழம் தள்ளிவிட்டு எறிந்தேன். பட்டது. மாஸ்டர் குச்சியால் மண்ணில் கணக்குக் கீறினார்.

"தொரைக்கு ஆறு."

"அஞ்சுங்க மாஸ்டர்."

"கையால அஞ்சு. சப்பாத்தால ஒண்ணு."

நண்பர்கள் என் பூட்ஸைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாள் அலுவலகத்தில் என் பெயரே சப்பாத்து ஆகிவிட்டது. பட்டியல் அனுப்பும் நாள் வந்தது. மாஸ்டரின் மனுவை எடுத்தேன், மேசை இழுப்பறையில் போட்டேன். ஒரு வாரம் போகட்டும், வந்து கேட்கட்டும் என்று நினைத்தேன். வேறு காரணம் எதுவுமில்லை.

அடுத்த வாரப் பட்டியலில் சேர்த்தேன். அதற்குள் முகாமில் அவர்கள் இருந்த பகுதியைக் காலி செய்து, எல்லோரையும் ஆந்திரத்தில் ஒரு நூற்பாலைக்கு ரயிலேற்றிவிட்டார்கள்.

செய்தி கேட்டு மாஸ்டர் என் மேசைக்கு வந்தார். வேலையை விட்டுவிட்டு அங்கே போனால் அறையும் போகும், இந்த மலையில் இருக்கும் உரிமையும் போகும். முகாமில்தான் ஏதோ குளறுபடி என்று சொன்னேன். இன்னொரு மனு எழுதச் சொல்லி, அதோடு இணைக்க முதல் மனுவின் அலுவலக நகலை நானே எடுத்துத் தந்தேன். படித்துப் பார்த்து, மடித்து வைத்துக்கொண்டார். அந்த இரண்டாம் மனுவை நான் ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. அது ஏழு மாதம் மேசை மேசையாக நகர்ந்தது.

அவர் ஞாயிறு தவறாமல் வந்தார். என்னை ஐயா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். நான் ஜெயிக்க ஆரம்பித்தேன். என் கை தேறிவிட்டது என்றே நம்பினேன். அவருடைய எறிகள் காற்றில் விலகி ஏரிப் பக்கம் போயின. நான்காவது மாதம் தந்தி வந்தது. அவர் போய்ச் சேருவதற்குள் அம்மாவை எடுத்துவிட்டிருந்தார்கள். பதினைந்து நாள் கழித்து, மொட்டைத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பூங்காவுக்கு வந்தார். அன்றும் எறிந்தார், அன்றும் தோற்றார். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

கடைசியில் உத்தரவு வந்தது. மூவர் என்று தட்டச்சாகி வந்ததை இருவர் என்று திருத்தி நான்தான் கையெழுத்துக்கு வைத்தேன். வெள்ளிக்கிழமை மாஸ்டர் அதை வாங்கிக்கொண்டார். ஞாயிறு வந்தார்.

அன்று முதல் மரத்தில் அவருடைய முதல் எறியே பட்டையில் போய் டங்கென்று விழுந்தது. இரண்டாவது மரத்தில் இரண்டு எறி, மூன்றாவதிலும் இரண்டு. ஏரிக்காற்று வளைத்த பக்கமே மூடியை விட்டு, அது திரும்பி வந்து மரத்தில் அடிப்பதைப் பார்த்தபோதுதான் ஏழு மாதம் என்ன நடந்தது என்று புரிந்தது.

ஏழாவது மரத்தில் என் மூடி மறுபடி வேருக்குப் பின்னால் விழுந்தது. எடுக்காமல் நின்றேன்.

"தள்ளிக்கங்க தொரை. யாரும் பாக்கல."

"மாஸ்டர், அந்த மொத மனு..."

"தெரியும். நீங்க குடுத்த நகல்ல வாங்குன முத்திரை ஒரு தேதி, அனுப்புன முத்திரை ஒரு தேதி. புள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தவன் நான். எடயில ஒரு பட்டியல் போயிருக்குதானே."

"அப்பவே தெரியுமுங்களா? அப்புறம் ஏனுங்க என்கூட வந்து ஆடுனீங்க?"

"ரெண்டாவது மனுவும் உங்க மேசையிலதானே இருந்துச்சு."

அவர் குரலில் கோபம் இல்லை. நான் அந்த மனுவைத் தாமதிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது? ஏழு மாதமும் அவர் அதை நம்ப வழியில்லாமல் வைத்தவன் நான்.

"எறிங்க தொரை. பஸ்ஸு வந்துரும்."

வேருக்குப் பின்னாலிருந்தே எறிந்தேன். வேரில் பட்டுத் திரும்பி வந்தது. மறுபடி எறிந்தேன். அந்த மரத்துக்கு மட்டும் எட்டு. அவர் குனிந்து மண்ணில் எட்டென்று கீறி, சரிதானா என்பதுபோல் என்னைப் பார்த்தார். சரி என்று தலையசைத்தேன். மற்ற இரண்டு மரங்களையும் முடித்தோம். மூடியை ஏரித் தண்ணீரில் கழுவித் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார். அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் அவர் வரவில்லை.