ஆறாவது தேர்க்காசு

வீரசிங்கம் ரயில்வேயில் முப்பத்தொரு வருடம் கிராணியாக, கடிதம் தட்டச்சு செய்யும் குமாஸ்தாவாக, இருந்தவர். அவர் எழுதிய கடிதங்களை அடுக்கினால் அவருடைய பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக் கூரையை முட்டும். ஒன்றிலாவது அவர் பெயர் இருக்குமா என்றால், இருக்காது. கிராணி எழுதுவார், துரை கையெழுத்துப் போடுவார். கீழே துரையின் பெயரைத் தட்டி, அதற்கு மேல் இரண்டு அங்குலம் இடம் விட்டு, தாளை உருவிக் கொடுத்துவிட வேண்டியதுதான். ஓய்வு பெற்றபோது மனுஷனுக்கு ஒரே ஓர் ஆசைதான் பாக்கி. தான் செய்த ஏதாவது ஒரு வேலைக்குப் பக்கத்தில் தன் பெயரை அச்சில் பார்த்துவிட வேண்டும். இது ஒரு பேராசையா, நீங்களே சொல்லுங்கள்.

எழுபத்தொன்பதில் பக்கத்து ஊரான கிள்ளானிலிருந்து துணிக்கடைக்காரர் சோமசுந்தரம் ஒரு கைக்குட்டை முடிச்சோடு வந்தார். ரயிலில் வரும் சரக்கை எடுக்க வந்து போன நாளிலிருந்து இருவருக்கும் பழக்கம்.

"அண்ணே, அப்பா பெட்டியில கிடந்துச்சு. கப்பல்ல வந்தப்போ கரூர் பக்கத்துலேருந்து கொண்டாந்ததாம். ரோமாபுரிக் காசுன்றாங்க. இது மாதிரி உலகத்துல எத்தனை இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்களேன். எனக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியாது லா."

கட்டைவிரல் நகத்தளவு வெள்ளி. நூலகத்தில் ஒரு மாதம் உட்கார்ந்த பிறகுதான் வீரசிங்கத்துக்கு அது திபேரியஸ் மன்னனின் காசு என்று பிடிபட்டது. அந்த மன்னனின் காசுகளில் பெரும்பாலும் பின்பக்கம் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். இதில் நான்கு குதிரை பூட்டிய தேர் இருந்தது. தேர்க்காசும் அங்கொன்று இங்கொன்று உண்டுதான். ஆனால் இந்தக் குதிரைகளின் காலடியில் கடுகளவு நட்சத்திரம் ஒன்று இருந்தது. அது அவர் புரட்டிய எந்தப் புத்தகத்திலும் இல்லை. அன்று இரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

நகை செய்யும் பக்கிரிசாமி பத்தரின் தராசில் நிறுத்துப் பார்த்தார். மூன்றேமுக்கால் கிராம். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைக் காசின் மேல் வைத்து நகத்தால் தேய்த்து அச்சு எடுத்தார். உங்களிடம் நட்சத்திரம் போட்ட தேர்க்காசு இருக்கிறதா என்று கேட்டு, அந்த ஈயத்தாளையும் வைத்து, ஊர் ஊராக அருங்காட்சியகங்களுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார்.

முதல் கடிதத்தின்போதே சோமசுந்தரம் சொல்லிவிட்டார்: "காசு என்னோடது, என் பேர்ல போனாத்தான் வெள்ளைக்காரன் பதில் போடுவான். கடைசியில புஸ்தகத்துல வர்றப்போ உங்க பேர்தான் வரும்ணே. முருகன் மேல சத்தியம்."

வீரசிங்கம் யோசிக்கவே இல்லை. அவர் கைக்கு அது பழகிய வேலை.

"உங்கட பேரையும் கீழ போடுங்கோவன்" என்றாள் மனைவி குணபூசணி.

"கந்தோரில துரையின்ர கடிதத்தில அப்பிடிப் போடுறேல்லை, குணம்."

பதில்கள் கிள்ளானுக்கு வரும். சோமசுந்தரம் கொண்டுவந்து கொடுப்பார். ஒரு பதிலுக்கு மூன்று மாதம், சிலதுக்கு ஒரு வருடம். பாதிப் பேர் இல்லை என்றார்கள், சிலர் படம் அனுப்பினார்கள். எட்டு வருடத்தில் அறுபத்துமூன்று கடிதம் போனது. கணக்கு முடிந்தபோது உலகத்தில் அப்படிப்பட்ட காசு ஐந்து. கிள்ளான் காசு ஆறாவது. வீரசிங்கம் கதிரையில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தார்.

எண்பத்தேழில், இந்தக் கணக்கை வைத்து ஒரு பேராசிரியர் கட்டுரை எழுதிய வெளிநாட்டு நாணய இதழ் வந்துவிட்டதாகச் சோமசுந்தரம் போன் செய்தார். வீரசிங்கம் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு அடுத்த ரயிலில் கிள்ளானுக்குப் போனார். கடையில் நின்றபடியே புரட்டினார். காசு இருந்தது, நட்சத்திரம் இருந்தது, ஐந்தும் ஒன்றும் ஆறு இருந்தது. பேராசிரியர் கடைசியில் நன்றி சொல்லியிருந்தார்: இந்த ஆய்வைத் தனியொருவராக நடத்திய கிள்ளான் திரு. சோமசுந்தரத்துக்கும், கடிதங்களை அழகாக அடித்துக் கொடுத்த அவருடைய தட்டச்சருக்கும்.

தட்டச்சருக்குப் பெயர்கூட இல்லை.

"தனியொருவராக எண்டு ஆர் சொன்னது?" வீரசிங்கம் அந்த வரியில் விரலை வைத்தார்.

சோமசுந்தரம் துணி அளப்பதை நிறுத்தவில்லை. "நீங்க ஒருத்தரே செஞ்சீங்களான்னு அந்தப் புரொபசர் எழுதிக் கேட்டாரு. ஆமான்னு போட்டேன். காசு என்னோடது, கையெழுத்து என்னோடது, இல்லைன்னா சொல்ல முடியும்? உங்களையும் மறக்கலையேண்ணே. டைப்பிஸ்ட்னு போட்டிருக்குல்ல? அவருக்கு ஒரு தேங்க்யூ லெட்டர் மட்டும் அழகா அடிச்சுக் குடுத்துடுங்க."

அந்தக் கேள்விக் கடிதம் வீரசிங்கத்தின் கண்ணில் படவே இல்லை. அதற்கான பதிலை மட்டும் வேறு ஆளை வைத்து அடித்திருக்கிறான், படுபாவி. எட்டு வருடம் தலையில் மிளகாய் அரைத்துவிட்டு, அம்மியையும் கழுவிக் கொடுக்கச் சொல்கிறான். வீரசிங்கம் இதழைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்.

குணபூசணி கண்ணாடியைப் போட்டு அந்த வரியை இரண்டு தரம் வாசித்தாள். "அந்தப் பேராசிரியருக்கு நீங்களே உண்மையை எழுதுங்கோ. கார்பன் கொப்பி எல்லாம் வச்சிருக்கிறியள்தானே? அதையும் சேர்த்து அனுப்புங்கோ."

அதுதானே! வீரசிங்கம் அலமாரியிலிருந்து கோப்பை இறக்கினார். எட்டு வருட உழைப்பு, ஒரு தாள் விடாமல் இருந்தது. சாப்பாட்டு மேசையில் வரிசையாகப் பரப்பினார். ஒவ்வொரு தாளின் அடியிலும், கையெழுத்துக்கு இரண்டு அங்குலம் இடம் விட்டு, அவரே தட்டிய பெயர்: எம். சோமசுந்தரம். அறுபத்துமூன்று தாளிலும் தேடினார். வீரசிங்கம் என்று ஓர் இடத்திலும் இல்லை.