எங்கள் வம்சத்துப் பால்

எழுபதுகளின் தொடக்கத்தில், மயிலாப்பூரில் அம்மா வீட்டில் இருந்தபோதுதான் என் மூத்த பெண் பிறந்தாள். மார்பில் மஞ்சளாகச் சீம்பால் சுரந்தது. அம்மா அதைப் பீய்ச்சிக் கொட்டச் சொன்னாள். "அது அழுக்குப் பால்டி, கொழந்தைக்கு ஆகாது." அதற்குப் பதிலாகத் துணித் திரியைச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்துக் குழந்தையின் வாயில் வைத்தாள்.

நான் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவள். சீம்பாலின் அருமையைக் கரும்பலகையில் எழுதிப் போட்டவள். என்ன பிரயோஜனம்? பிள்ளை பெற்று மூலையில் படுத்திருப்பவள் பேச்சு எந்த வீட்டில் எடுபடும்? நான் வாயைத் திறந்தாலே அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விடுவாள். தையல் போட்ட உடம்போடு எழுந்து போய்ப் பிடுங்கவா முடியும்?

நான்காம் நாள்தான் குழந்தையை மார்பில் விட்டாள். அது இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டது. அம்மா அலட்டிக்கொள்ளவே இல்லை.

"நம்மாத்துப் பொம்மனாட்டிகளுக்கே பால் கெடையாது. எங்கம்மாவுக்கும் இல்லே, நேக்கும் இல்லே. நோக்கு மட்டும் எப்படி வரும்? ரத்தத்துலயே இல்லடி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரத்தத்தில் வருகிற விஷயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. நிறையக் கறக்கும் பசுவின் கன்று நாளை நிறையக் கறக்கலாம். ஒரு சொட்டுப் பால்கூடத் தராத காளை வழியாகவும் அந்தக் குணம் இறங்கும். மரபணுவில் பாதி அப்பனுடையது என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். ஆனால் எந்த வம்சமானாலும் குட்டி வாய் வைத்து இழுக்க இழுக்கத்தான் பால் ஊறும். குழந்தையை அண்டவே விடாமல் வைத்திருந்துவிட்டு வம்சத்தின் மேல் பழி போட்டால் எப்படி?

"நான் பொறந்தப்பவும் பீச்சிக் கொட்டினியா?" என்று கேட்டேன்.

"கொட்டாம? எங்கம்மாவும் கொட்டினா. எல்லாராத்துலயும் உண்டானதுதானே!" என்றாள்.

அன்று சாயங்காலம் வாசலில் பால்காரர் குரல் கேட்டது. அவருடைய மாடு கன்று போட்டிருந்தது. அந்தச் சீம்பாலை வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் கிண்டினால் எங்கள் வீட்டில் அடிதடியே நடக்கும் என்பதால், அம்மா முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தாள்.

"சீம்பால் கொண்ணாந்துகீறேன்மா, சொம்ப எடு."

உள்ளே என் மடியில் குழந்தை சர்க்கரைத் திரியைச் சப்பிக்கொண்டிருந்தது. அம்மா சொம்போடு வாசலுக்குப் போனாள்.

"கன்னுக்குட்டி வயிறு ரொம்பக் குடிச்சுதோ? அதுக்குக் குடுக்காம கறந்துண்டு வந்துடலியே? பாவம்ப்பா, பச்சைக் கன்னு. மொதப் பால் அதுக்குன்னா சொந்தம்!"