கரண்ட் போனபோது தெரிந்த தீப்பொறி

போன ஐப்பசியில், மழை விடாமல் பெய்த ஒரு மதியம் நடந்தது இது. வீரபாண்டியில் எனக்குச் சின்னதாக ஒரு செக்கிங் யூனிட் இருக்கிறது. தைத்து வரும் பனியன்களைப் பார்த்து, பிசிறு வெட்டி, மடித்து அனுப்புவோம்.

என்னுடையது கார்புரேட்டர் காலத்துப் பழைய கார். விற்றுவிடச் சொல்லி வீட்டுக்காரர் நச்சரிப்பார். ஓட்டப் பழகியது அதில்தான் என்பதால் எனக்கு மனசு வரவில்லை. மழை பிடித்ததிலிருந்து இன்ஜின் விட்டுவிட்டு ஓடி மிஸ்ஸிங் அடித்தது. பல்லடம் ரோட்டு மேட்டில் குலுங்கும், இழுக்காது, சைலன்சர் டப்பென்று வெடிக்கும். பின்னால் வரும் பஸ்காரர் ஹாரனிலேயே திட்டுவார். மறுநாள் அம்மாவையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு கணியூரில் ஒரு காதுகுத்துக்குப் போயாக வேண்டும்.

மெக்கானிக் ஏற்கெனவே புது பிளக் போட்டு, பிளக்கில் பொறி விழும் நேரத்தை, அதாவது டைமிங்கையும் சரியாக வைத்துக் கொடுத்திருந்தார். வெயில் அடித்தால் ஓடும், மழை வந்தால் மறுபடி அதே கதை. அன்று அவரே யூனிட்டுக்கு வந்தார். வெளியே கொட்டியதால் காரை ஷட்டருக்குள் ஏற்றி நிறுத்தினேன். பெட்ரோல் வாசம் வருகிறதே என்று கேட்டேன். பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்றார். நானும் சரியென்று விட்டுவிட்டேன்.

நான் உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்க, அவர் பானெட்டுக்குள் குனிந்து டைமிங்கைச் சரிசெய்யும் டிஸ்ட்ரிபியூட்டரை இப்படியும் அப்படியும் லேசாகத் திருப்பி, சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் கரண்ட் போனது. ஜன்னலை மறைத்து அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்ததால் பட்டப்பகலிலும் உள்ளே இருட்டிவிட்டது. டேபிளில் வேலை பார்க்க முடியாமல், திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி காரருகே வந்து வேடிக்கை பார்த்தாள்.

"எக்கா, அங்கன கீழ நீலமா என்னமோ மினுங்குது பாருங்க."

மெக்கானிக் அவள் காட்டிய இடத்தைப் பார்த்தார். சட்டென்று நிமிர்ந்தார்.

"அக்கா, சாவிய ஆஃப் பண்ணிருங்க. மறுக்கா தொடாதீங்க."

அந்தக் குரலில் என் கை தானாகச் சாவியைத் திருப்பியது. அவர் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துக் காட்டினார். ஒரு பிளக் ஒயரின் தோல் வெடித்திருந்தது. ஈரத்தில் கரண்ட் பிளக்குக்குப் போகாமல் பாதி வழியிலேயே பக்கத்து இரும்புக்குத் தாவியிருக்கிறது. மிஸ்ஸிங் அதனால்தான். டைமிங்கில் ஒரு கோளாறும் இல்லை. அந்த ஒயருக்கு நான்கு விரல் கீழே பெட்ரோல் ஹோஸ் கசிந்து, சுற்றிலும் நனைந்திருந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். கூரை வரை துணி மூட்டை, பாலிதீன் கவர். அவற்றுக்கு அந்தப் பக்கம் என்னிடம் வேலை பார்க்கும் பெண்கள் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். வெளியே போக இருந்த ஒரே வழியில் கார் நின்றது.

எல்லோரும் சேர்ந்து அதை மழைக்குள் தள்ளிவிட்டோம். மெக்கானிக் நனைந்தபடியே நின்றார்.

"டைமிங், டைமிங்னே நெனச்சுட்டு இருந்துட்டனுங்க அக்கா," என்றார் மெதுவாக.

கரண்ட் வந்ததும் அந்தப் பெண் டேபிளுக்குக் கிளம்பினாள். வண்டி சரியாகிவிட்டதா என்று சாதாரணமாகக் கேட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். ஏன் அழுகிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை.

சாயங்காலமே ஒயரையும் ஹோஸையும் புதிதாக மாற்றினார். மறுநாள் கணியூர் வரை கார் ஒரு திணறல் இல்லாமல் ஓடியது. வழியெல்லாம் நான் காரணமில்லாமல் சிரிப்பதாக அம்மா சொன்னார்.

இப்போதும் வேலை முடிந்து அந்தப் பெண்கள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு சளசளவென்று பேசியபடி வெளியேறும்போது, கடைசி ஆள் வாசலைத் தாண்டும்வரை நின்று பார்க்கிறேன். இவர்கள் பத்திரமாக வீடு போய்ச் சேருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.