அப்பா தெரிந்தெடுத்த பச்சை மரம்

இன்று பின்னேரம் கொட்டாஞ்சேனையில் கிறிஸ்மஸ் மரம் வாங்கப் போனோம். அம்மா, அப்பா, நான்.

வீட்டு விஷயங்களை இங்கே எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை. இதை எழுதுவதற்குக் காரணம், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

அப்பாவுக்குப் புற்றுநோய். ஈரல் வரை பரவிவிட்டது. இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

அப்பாவிடம் அதைச் சொல்லவில்லை. அல்சர் என்றோம். (பேப்பரில் மரண அறிவித்தல்கள்வரை ஒரு வரி விடாமல் படிக்கிற மனிதரிடம்.)

அது அம்மாவின் முடிவு. தெரிந்தால் அன்றைக்கே மனம் உடைந்துவிடுவார் என்று பயந்தார். பார்க்க வருகிற சொந்தக்காரர்களைப் படியிலேயே மறித்து, "அல்சர் எண்டுதான் சொல்லியிருக்கிறம், வாயைத் திறந்திடாதேங்கோ" என்று சொல்லித்தான் உள்ளே விடுவார்.

வீட்டிலிருந்த ப்ளாஸ்டிக் மரத்தின் கால் உடைந்துவிட்டது. புதிது வாங்கப் போகிறோம் என்றதும், "நானும் வாறன்" என்று அப்பா ஷர்ட்டை மாட்டிக்கொண்டு நின்றார். அந்த ஷர்ட்டுக்குள் இப்போது இரண்டு பேர் நிற்கலாம்.

கடை வாசலில் ப்ளாஸ்டிக் மரங்கள். பக்கத்து மதிலில் நுவரெலியாவிலிருந்து வெட்டி வந்த சைப்ரஸ் மரங்களைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

கடைக்காரர் அப்பாவுக்கு ஒரு ஸ்டூல் போட்டார். அம்மா நேரே ப்ளாஸ்டிக் பக்கம் போனார்.

"இது எவ்வளவு காலம் நிக்கும் தம்பி?"

"கழட்டிப் பெட்டியில வச்சா பத்து வருஷம் பாவிக்கலாம் அன்ட்டி."

"கேட்டீங்களே, பத்து வருஷம்" என்று அம்மா அப்பாவிடம் திரும்பினார். "வருஷா வருஷம் நீங்களே பூட்டி நிறுத்தலாம்."

அப்பா மதில் பக்கம் கையைக் காட்டினார். "அந்தப் பச்சை மரத்தை எடும்."

"அது ஜனவரி பிறக்க முதல் காஞ்சு கொட்டுண்டிடும். வாற வருஷம் திரும்பவும் வாங்க வேணும்."

"வாற வருஷம் எங்கட வீட்டில மரம் வைக்கேலாதுதானே."

விலை கேட்கிற குரலில்தான் சொன்னார்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம். சாவு நடந்த வீட்டில் அந்த வருடம் முழுக்கக் கொண்டாட்டம் இல்லை. பலகாரம் சுடமாட்டார்கள். மரம் வைக்கமாட்டார்கள்.

அம்மா பிடித்திருந்த ப்ளாஸ்டிக் கிளையை விடவில்லை. "ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்ல. அல்சர்காரனுக்கு பாதர் வந்து எண்ணெய் பூசுறவரே?"

(போன ஞாயிறு பாதர் "சும்மா இந்தப் பக்கம் வந்தனான்" என்றுதான் உள்ளே வந்தார். கையில், சாகக் கிடக்கிறவர்களுக்குப் பூசுகிற எண்ணெய்ச் சிமிழோடு. கூப்பிட்டது அம்மா.)

கடைக்காரர் தலையைக் குனிந்து, ஒரு மரத்தில் ஏற்கெனவே சுற்றியிருந்த கயிற்றை இன்னொரு தரம் சுற்றினார்.

அம்மா கிளையை விட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, பச்சை மரத்தைக் காட்டுங்கோ. நல்லா நிமிர்ந்ததாப் பாத்து."

அப்பா இருந்த இடத்திலிருந்தே ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டச் சொன்னார். அவருக்குப் பிடித்த மரம் ஒரு பக்கம் மொட்டை. அம்மா வேண்டாம் என்றார்.

"அந்தப் பக்கத்தைச் சுவரோட விடுவம்" என்றார் அப்பா. அதையே வாங்கினோம்.

ஆட்டோவில் ஏறியதும் அம்மா அழத் தொடங்கினார்.

"பிறகு அழலாம். மரத்தைப் பிடியும், வெளியில தட்டுது" என்றார் அப்பா.

மரம் இப்போது ஹோலில் ஒரு வாளித் தண்ணீரில் நிற்கிறது. அல்சர் என்ற சொல்லை வந்ததிலிருந்து ஒருவரும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக என்ன சொல்வதென்றும் தெரியவில்லை.

நான் கேட்க வந்தது இதுதான். வெட்டிய சைப்ரஸை வாடாமல் வைத்திருக்க வழி உண்டா? தண்ணீரில் சீனி போடச் சிலர் சொல்கிறார்கள், சிலர் அஸ்பிரின் என்கிறார்கள்.

கிறிஸ்மஸ் வரைக்கும் என்றால் போதாது. எத்தனை நாளைக்கு முடியுமோ, அத்தனை நாளைக்கு.