அரக்கு நிறமும் பழுப்புக் கண்ணாடியும்

ஒரு கண்ணாடி வாங்குவது இத்தனை பெரிய வேலை என்று யாராவது முன்னமே சொல்லியிருந்தால் நான் சைக்கிளையே வாங்கியிருக்க மாட்டேன்.

சர்க்கரை ஏறியிருக்கிறது, நடங்கள் அல்லது சைக்கிள் ஓட்டுங்கள் என்றார் டாக்டர். எங்கள் தெருவில் நடந்தால் நாலு வீட்டுக்கு ஒருவர் நிறுத்திப் பேசுவார், அதனால் சைக்கிள். பெரிய காஞ்சிபுரத்திலிருந்து ஐந்தேகாலுக்குக் கிளம்பி, ஏனாத்தூரில் சர்க்கரை இல்லாத டீ ஒன்றைக் குடித்துவிட்டு, ஒரு சுற்று சுற்றிக்கொண்டு ஏழரைக்குள் வீடு திரும்பிவிடுவேன். திரும்பியதும் சாயத் தொட்டி. பட்டு நூலுக்குச் சாயம் போடுவது என் தொழில், இருபத்திரண்டு வருஷமாக.

மூன்றாவது வாரம் ஏனாத்தூர் வயல் பக்கத்தில் ஒரு பூச்சி நேராக வலது கண்ணுக்குள் போனது. அன்று முழுக்கக் கண்ணில் தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. தொட்டிக்கு முன்னால் நின்று மஞ்சள் எது, எலுமிச்சை எது என்று தெரியாமல் முழித்தேன். என் மனைவிதான் நெருப்பையும் தொட்டியையும் பார்த்துக்கொள்பவள். அவள் ஒரு வார்த்தை சொன்னாள்.

“காலுக்கு செருப்பு போட்டுக்கினு போறீங்க. கண்ணுக்கு ஒண்ணும் வேணாமா?”

அவள் சொன்னது நியாயம்தான். எனக்குக் கால் போனாலும் தொழில் நடக்கும், கண் போனால் நடக்காது. சாயத்தில் அளவு கிளவெல்லாம் பாதி தூரம்தான் கூட வரும். போன மாதம் போட்ட அதே அளவை இன்றைக்குப் போட்டாலும், தண்ணீர் மாறினால் நிறம் மாறிவிடும். அப்புறம் ஒரு சிட்டிகை இது, ஒரு சிட்டிகை அது என்று கண்ணால்தான் இழுத்துப் பிடித்துக் கொண்டுவர வேண்டும். நாலு இழை நூலை எடுத்துப் பிழிந்து, உள்ளங்கையில் உலர்த்தி, வாடிக்கைக்காரர் மாதிரிக்குக் கொண்டுவந்த நூலோடு சேர்த்துக் காலை வெயிலில் பிடித்துப் பார்ப்போம். ட்யூப் லைட்டில் பார்த்த நிறம் பெண் பார்க்கப் போன வீட்டில் சொன்ன வயது மாதிரி, நம்பக்கூடாது. வெயிலில் பார்த்து நான் ‘சரி’ என்றால் அதற்கப்புறம் யாரும் பார்க்க மாட்டார்கள். அந்த ஒரு சொல்தான் என் கடைக்குப் போர்டு.

சாதாரணக் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். ஐந்தேகால் மணி இருட்டில் பள்ளம் தெரியவில்லை, ஒரு நாயும் தெரியவில்லை. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் முழங்கை தேய்ந்தது. வெள்ளைக் கண்ணாடி போட்டால் திரும்பும்போது வெயில் கண்ணைக் குத்தியது. இருட்டில் வெள்ளையாகவும் வெயிலில் தானே கறுப்பாகவும் மாறுகிற கண்ணாடி இருக்கிறது என்று ஃபோனில் பார்த்தேன். படத்தில் ஒரு வெள்ளைக்காரர் பனிமலை ஓரமாகச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். அந்தப் பனியைப் பார்த்தே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

வந்து சேர்ந்த கண்ணாடி மூக்கில் நிற்கவில்லை. வியர்த்ததும் வழுக்கிக்கொண்டு மீசைக்கு வந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கறுக்க வேண்டிய இடத்தில் அது வெளிர்ச் சாம்பலுக்கு மேல் போகவே இல்லை. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வடகம் காயவைப்பது மாதிரி அதைக் காயவைத்துப் பார்த்தேன். ம்ஹூம்.

அதை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல தப்பு இல்ல சார். சூடு ஜாஸ்தியானா இந்த ரகம் அவ்வளவா கறுக்காது. குளுரு இருந்தா நல்லா கறுக்கும்.”

“வெயிலுக்குன்னு வாங்குற கண்ணாடி சார் இது.”

“ஆமா சார். வெயில் வேற, சூடு வேற இல்லியா.”

காஞ்சிபுரத்தில் பிறந்து வளர்ந்த ஒரு மனிதர் என் முகத்தைப் பார்த்து இதைச் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. வேறு கண்ணாடி காட்டுங்கள் என்றேன்.

ஐந்தாறு எடுத்து வைத்தார். ஒரு சின்ன நீல டார்ச்சை அழுத்தினார், கண்ணாடியின் நடுவில் பொட்டு வைத்தது போல ஒரு கறுப்பு வட்டம் விழுந்தது. இது சீக்கிரம் கறுக்கும், வெளுக்க மட்டும் கொஞ்சம் நேரம் எடுக்கும் என்றார். இன்னொன்று பக்கவாட்டுக் காற்றையும் தடுக்கும், ஆனால் உள்ளே ஆவி பிடிக்கும் என்றார். ஒன்று நன்றாக இருந்தால் இன்னொன்று சொத்தை. முக்கால் மணி நேரம் ஆனது. தலைவலியே வந்துவிட்டது. கடைசியில் ஒன்று மூக்கில் நின்றது.

“இதுல வெயில்ல கிரே ஆவுறது குடுக்கட்டுமா, ப்ரவுன் ஆவுறது குடுக்கட்டுமா சார்?”

“இன்னா வித்தியாசம்?”

“கிரேன்னா எல்லாம் இருக்குற மாதிரியே தெரியும், கொஞ்சம் மங்கலா. ப்ரவுன்னா பள்ளம் மேடு பளிச்சுனு தெரியும். நம்ம ஊரு ரோட்டுக்கு ப்ரவுன்தான் சார்.”

இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று ரோட்டைப் பார்த்தேன். பழுப்பில் எல்லாம் நெய்யில் வறுத்த மாதிரி பொன்முறுவலாக இருந்தது. ரோட்டில் இருந்த ஒவ்வொரு குழியும் தெரிந்தது. சிவப்பில் மட்டும் நாற்பது வகை பிரித்துச் சொல்கிறவன் நான். அன்று அந்தக் கண்ணாடி வழியாகக் குழிகளை மட்டும் எண்ணிவிட்டுப் பழுப்பையே வாங்கிக்கொண்டு வந்தேன்.

இரண்டு மாதம் நன்றாகப் போயிற்று. நன்றாக என்றால், கண்ணாடியைப் பொறுத்தவரை. வீட்டில் ஒரே கிண்டல். வில்லன் வந்துட்டாரு, காபி எடுத்து வை என்பாள் மனைவி, தனக்குத்தானே. பக்கத்து வீட்டுக்காரர் கண்ணு ஆபரேசனா என்று கேட்டார், இரண்டு முறை. கண்ணாடி என்ற சொல்லை எடுத்தாலே எனக்குச் சுருக்கென்று வர ஆரம்பித்தது.

அந்தச் சமயத்தில்தான் அடுத்த தெரு அம்மா வந்தார். சொந்தத் தறியில் நெய்கிறவர், என்னை அண்ணே என்று கூப்பிடுவார், பத்து வருஷமாக என்னிடம்தான் சாயம். கலியாணச் சேலை ஒன்று, உடல் முழுக்க அரக்கு. பாதி நெய்தாகிவிட்டது. மிச்சம் வைத்திருந்த ஊடை நூலை, அதாவது குறுக்கே ஓடுகிற நூலை, எலி கடித்துவிட்டது. அதே அரக்கில் இன்னும் கொஞ்சம் நூல் வேண்டும். இதில் ஒரு மயிரிழை பிசகினாலும் சேலையின் நடுவே கோடு விழும். பாதிக்கு மேல் ஒரு நிறம், கீழே ஒரு நிறம். அப்படிப்பட்ட சேலையை எந்தக் கடையிலும் வாங்க மாட்டார்கள், எந்தப் பெண்ணும் அதைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார மாட்டாள்.

அடுத்த நாள் காலை நான் சைக்கிளில் வந்து இறங்கியபோது அவர் வாசலில் காத்திருந்தார். மனைவி தொட்டியைத் தயாராக வைத்திருந்தாள். நேரமாகிவிட்டதே என்று ஹெல்மெட்டை மட்டும் கழற்றி வைத்துவிட்டு வேலையில் இறங்கினேன். நூலை முக்கினேன், நாலு இழை எடுத்தேன், பிழிந்தேன், உலர்த்தினேன். வாசலுக்கு வந்து அவர் கொடுத்த மாதிரி இழையோடு சேர்த்து வெயிலில் பிடித்தேன்.

“கண்ணாடியோடயா பாக்குறீங்க?” என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

“இது வெள்ளைக் கண்ணாடிமா. உனுக்கு எத்தினி வாட்டி சொல்றது” என்று எரிந்து விழுந்தேன்.

பொய் சொல்லவில்லை. ஐந்தேகாலுக்கு நான் போட்டது வெள்ளைக் கண்ணாடிதான். இரண்டு இழைகளும் ஒட்டிப் பிறந்தவை மாதிரி இருந்தன. “சரி” என்றேன்.

ஆறாம் நாள் அந்த அம்மா வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

“அண்ணே, ஒரு நிமிசம் வீட்டாண்ட வரீங்களா?”

போனேன். தறியில் சுற்றியிருந்த துணியைத் தளர்த்தி, கூரையில் பதித்திருந்த கண்ணாடி ஓட்டுக்கு நேராக இழுத்துக் காட்டினார். கோடு இருந்தது. மேலே அரக்கு. கீழேயும் அரக்குதான், ஆனால் அதில் ஒரு நாவல்பழக் கறை. நீலம் ஒரு சிட்டிகை கூடிவிட்டது. சாயம் தெரியாதவர்களுக்குக்கூடத் தெரியும்.

எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. நூல் மாறிப்போயிருக்குமோ என்றுகூட வாய் வரைக்கும் வந்தது. சட்டைப் பையில் அந்தக் கண்ணாடி இருந்தது. எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். போட்டாலும் கோடு தெரிந்தது. பாருங்கள், கண்ணாடிமேல் தப்பில்லை என்று ஒரு நொடி நிம்மதியாகக்கூட இருந்தது. அப்படியென்றால் அன்று ஏன் தெரியவில்லை?

பழைய நூலில் ஓர் இழையும் புது நூலில் ஓர் இழையும் வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். காலை எட்டு மணி, நல்ல வெயில், ஆனால் சூடு ஏறவில்லை. இழைகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கண்ணாடி மெல்ல மெல்லப் பழுத்தது. பழுப்பது எனக்குத் தெரியவே இல்லை, இழைகளை வைத்துத்தான் தெரிந்தது. புது இழையிலிருந்த நீலம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து, கடைசியில் இரண்டும் ஒன்றாகிப் போயின. கண்ணாடியைக் கழற்றினேன். மறுபடியும் இரண்டாயின.

மனைவி கேட்டது காதில் ஒலித்தது. அவமானமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அந்த அம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“ட்யூப் லைட்டுல ஒண்ணாதான் தெரிஞ்சுது. உங்க கண்ணுன்னு நம்பி நான் வெயில்ல காட்டிப் பாக்கல அண்ணே” என்றார், அவ்வளவுதான். பிறகு தறியில் உட்கார்ந்து, தான் நெய்ததை இழை இழையாக அறுத்து உருவ ஆரம்பித்தார். நெய்வதைவிட அதற்கு அதிக நாள் ஆகும். கூட உட்காரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் அண்ணே, பழகாத கை பட்டால் நெடுக்கே ஓடுகிற பாவு நூல் அறுந்துவிடும் என்றார்.

அந்த ஆத்திரத்தோடு நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் முழுக்கக் கேட்டுவிட்டுச் சங்கடமாகத் தலையைச் சொறிந்தார்.

“நீங்க சாயம் போடுறவருன்னு ஒரு வார்த்தை சொல்லி இருந்தா கிரேதானே சார் குடுத்திருப்பேன். சைக்கிள் ஓட்டத்தானே கேட்டீங்க.”

நீங்கள் கேட்டீர்களா என்று கத்த வாயெடுத்தேன். என் கண்ணைப் பற்றி ஊரில் எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன் போலிருக்கிறது. சாம்பல் நிறத்தில் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன். அதையும் சைக்கிளில் வந்து இறங்கியதும் ஹேண்டில்பாரிலேயே மாட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். மனைவி கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டாள். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

அரக்கைத் திரும்பப் போட்டுக் கொடுத்தேன். கோடு விழவில்லை, சேலை போய்ச் சேர்ந்தது. அந்த அம்மா இன்னும் என்னிடம்தான் வருகிறார். போன வாரம் மயில் கழுத்து நிறத்தில் ஒரு பாவுக்கு வந்தார். வெறுங்கண்ணோடு வாசலில் நின்றேன். நாலு இழையைப் பிழிந்து உலர்த்தி, வெயிலில் பிடித்து, நிதானமாகப் பார்த்தேன். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் பார்த்தேன்.

“சரி” என்றேன்.

அவர் தலையாட்டினார். என் கையிலிருந்த இழைகளை மெதுவாக வாங்கிக்கொண்டார். பிறகு தெருவில் இரண்டடி இறங்கி நின்று, அவற்றை வெயிலில் தூக்கிப் பிடித்துத் தானும் ஒருமுறை பார்த்தார்.